கல்லணை முதல் தரங்கம்பாடி வரை: மூன்று நாள் குடும்பப் பயணம்

உழவர் குடும்பம் ஊர் சுற்றக் கிளம்புவதற்குப் பணத்தைவிடப் பெரிய தடை மாடுதான். கறக்கும் கை திடீரென்று மாறினால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். எனவே மாட்டைப் பார்த்துக்கொள்ளப் போகும் உறவினரை மூன்று, நான்கு நாள் முன்பே வரச்சொல்லி, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க அவரையே கறக்கவிட வேண்டும். அந்த நாட்களில் தீவனத்தை மாற்றக்கூடாது.

அடுத்தது, எந்த மாதம் என்ற கேள்வி. சம்பா அறுத்து முடித்தவர்களுக்கு மாசி வசதி. ஆனால் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். மாசியில் கல்லணைக்குப் போனால் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கலாம். புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கும் கரிசல் மானாவாரி விவசாயிகளுக்கு ஆடி மாதம் தோதானது. தண்ணீர் திறந்திருந்தால் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என நாலாகப் பிரியும் இடத்தை நேரில் காணலாம். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எதையும் நின்று பார்க்க முடியாது.

முதல் நாள் காலையில் திருச்சியிலிருந்து கல்லணை. இன்று மேலே தெரியும் மதகுகள் பிற்காலத்தவை. மணல் ஆற்றில் பெரும் பாறைகளை அமிழ்த்தி, அதன்மேல் பாறை அடுக்கிக் கட்டிய கரிகாலன் காலத்து உத்தியைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்.

மாலையில் தஞ்சைப் பெரிய கோயில். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் நான்கு மணிக்கு மேல் போவது நல்லது. 1010-ல் ராஜராஜன் முடித்த கோயில். விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். கீழே அடித்தளக் கல்வெட்டுகளில், எந்தெந்த ஊர் கோயிலுக்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று வெட்டியிருக்கிறது; அளந்த மரக்காலுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர்.

இரண்டாம் நாள் அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனரை விட்டுவிடக்கூடாது. தலைப்பாகையோடு, மாட்டின் மேல் கை ஊன்றி நிற்கும் மாட்டுக்காரர் தோற்றத்தில் சிவன். மாடு இல்லை, கை மட்டும் அப்படியே நிற்கிறது. மதியத்துக்கு மேல் தாராசுரம் பார்த்துவிட்டு கும்பகோணம் கடைத்தெரு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கை எடை போட்டு வாங்குவதே முறை. கொழுந்து வெற்றிலையை ஈர வாழைப்பட்டையில் சுற்றினால் ஊர்போய்ச் சேரும்வரை வாடாது. சந்தையில் பெயர்ச்சீட்டு இல்லாத விதை வாங்க ஆசை வந்தால், ஒரு பாத்தி அளவுக்கு மேல் வாங்க வேண்டாம்.

மூன்றாம் நாள் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டையே இன்று அருங்காட்சியகம். அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் புதன்கிழமை பயணத்தைத் தொடங்கக் கூடாது. அருகில் மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கரை நெடுகப் பாறை கொட்டியிருப்பதால் இங்கே இறங்கிக் குளிப்பது ஆபத்து. கோட்டைக்கு எதிரே மணலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். இருட்டுவதற்குள் மயிலாடுதுறைக்குத் திரும்பினால் ஊருக்கு ரயில் ஏற வசதி.