அஞ்சு லட்ச ரூபாய் வாட்ச்: கல்லாவுக்கு வந்த சோதனை

கார்த்திகை தீபம் முடிந்ததும் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதிக்கு வெளிநாட்டு அன்பர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். மாசி மாதம் வரை செங்கம் சாலையில் கடை வைத்திருக்கும் நம் வணிகர்களுக்கு நல்ல வியாபார காலம். மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாங்குவதும் உண்டு. மக்கள் கூடும் இடத்தில் பலவிதப் பொருள்களும் கைமாறத்தானே செய்யும்!

அப்படி ஒரு பருவத்தில், அப்பகுதியில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் என்னை அவசரமாக அழைத்தார். போய்ப் பார்த்தால் கல்லாப்பெட்டி மேல் கனத்த எவர்சில்வர் கைக்கடிகாரம் ஒன்று. கறுப்பு முகப்பு, சுற்றிலும் எண்கள் பொறித்த வளையம். எதிரே ஓர் இளைஞர்.

“அண்ணே, ஊருக்குப் போன வெள்ளைக்காரர் எனக்குக் குடுத்தது. அஞ்சு லட்ச ரூபா வாட்ச்சு. கடலுக்குள்ள போட்டுக்கிட்டுப் போறது. அவசரத்துக்கு இருபதாயிரம் குடுங்க, ஒரு வாரத்துல மீட்டுக்கறேன்.”

கல்லாவில் பணம் இருந்தது. மறுநாள் மண்டிக்குக் கட்ட வேண்டிய பணம் அது. நண்பர் இரண்டு மனதாக இருந்தார். அன்று அவருக்கு நான் எடுத்துச் சொன்னதை நம் வணிகர் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பது பாகம் ஆழம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார்கள். அவர்களுக்கு மூச்சுதான் கடிகாரம். 1943இல் பிரான்சில் கூஸ்தோ, காஞ்ஞான் என்ற இருவர் காற்று உருளையைச் சுமந்துகொண்டே நீந்தும் கருவியை உருவாக்கினார்கள். அதன்பின் மனிதன் நீருக்கடியில் நெடுநேரம் இருக்க முடிந்தது. ஆனால் உருளையில் உள்ள காற்று அளவானது. இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை மறந்தால் உயிர் போய்விடும்.

இந்தத் தேவைக்காகவே 1953இல் சுவிட்சர்லாந்தின் பிளாங்பெய்ன் நிறுவனம் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ என்ற கைக்கடிகாரத்தைக் கொண்டு வந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் அதைப் பயன்படுத்தினர். ஃபேதம் என்பது நம் மீனவர்கள் இரு கைகளையும் விரித்து அளக்கும் ‘பாகம்’தான். ஐம்பது பாகம் என்றால் சுமார் 91 மீட்டர். ரோலெக்ஸ் நிறுவனத்தின் ‘சப்மரினர்’ கடிகாரமும் அதே ஆண்டில் உருவானதே.

ஒரே பக்கம் சுழலும் வளையம்

டைவர் வாட்ச்சின் உயிர்நாடி அதன் வெளிவளையம். நீரில் இறங்கும்போது வளையத்தில் உள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு முள் வளையத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது என்று பொருள்.

இந்த வளையம் இடப்பக்கமாக மட்டுமே சுழலும், வலப்பக்கம் திரும்பாது. காரணம் இருக்கிறது. பாறையில் இடித்து வளையம் நகர்ந்துவிட்டாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவர் சற்று முன்னதாகவே மேலே வந்துவிடுவார். நஷ்டம் ஐந்து நிமிடம், உயிர் பத்திரம். தொடக்க காலக் கடிகாரங்கள் பலவற்றில் வளையம் இருபுறமும் சுழன்றது. இன்றைய டைவர் வாட்ச்சில் ஒருபக்கச் சுழற்சிதான் வழக்கம்.

அடுத்தது சாவி கொடுக்கும் திருகு. நல்ல டைவர் வாட்ச் பெரும்பாலானவற்றில் இதைப் பாட்டில் மூடிபோலத் திருகித்தான் மூட வேண்டும். உள்ளே ரப்பர் வளையங்கள் நீரைத் தடுக்கும். இருட்டிலும் 25 சென்டிமீட்டர் தூரத்தில் மணி தெரியும்படி முள்களில் ஒளிரும் பூச்சு இருக்கும். சில கடிகாரங்களில் ஹீலியம் வாயு வெளியேற ஒரு வால்வும் உண்டு. அது நாள்கணக்கில் ஆழ்கடல் அழுத்தத்தில் தங்கி வேலை செய்பவர்களுக்கானது.

30 மீட்டர் என்றால் 30 மீட்டரா?

கடிகாரமும் விற்கும் ஃபேன்சி ஸ்டோர் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கடிகாரத்தில் ‘வாட்டர் ரெசிஸ்டென்ட் 30 மீட்டர்’ என்று போட்டிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருள் அல்ல. கை கழுவும் தண்ணீரும் மழைத் தூறலும் தாங்கும், அவ்வளவே. நீந்துவதற்கு 100 மீட்டர் குறியுள்ளதே நல்லது. வெந்நீரும் சோப்பும் ரப்பரைக் கெடுக்கும். பேட்டரி மாற்றத் திறந்து, சரியாக மூடாவிட்டால் பழைய காப்பு போய்விடும். இதை விற்கும்போதே சொல்லிவிட்டால் பிறகு வாடிக்கையாளரோடு தகராறு வராது.

டைவர் வாட்ச்சுக்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தனித் தரம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதிய ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து ஒவ்வொரு கடிகாரத்தையும் சோதிக்க வேண்டும். நம் கடைத் தராசுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து முத்திரையிடுவது போலத்தான் இதுவும். தேறிய கடிகாரமே ‘டைவர்ஸ்’ என்ற சொல்லை முகப்பில் தாங்கலாம்.

விலை எதற்கு?

உயர்ரகக் கடிகாரங்களில் பேட்டரி கிடையாது. கை அசைவில் உள்ளே ஓர் எடைத்தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். இவ்வளவு செய்தும் நாளுக்குச் சில விநாடி முன்பின் ஆகும். சில நூறு ரூபாய் பேட்டரிக் கடிகாரம் இதைவிடத் துல்லியமாக ஓடும். இன்று முக்குளிப்பவர்கள் கையில் சிறு கணினியே கட்டிக்கொள்கிறார்கள். ஆக, பல லட்சம் ரூபாய் விலை மணி பார்ப்பதற்காக அல்ல. நுண்ணிய வேலைப்பாட்டுக்கும், நீண்ட நாள் உழைப்புக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெயருக்கும்தான். பெயருக்கு விலை இருப்பதால்தான் போலியும் பெருகுகிறது.

நமக்கும் இந்தத் தொழிலோடு தொடர்பு உண்டு. நம் பெரியவர்கள் கையில் கட்டியிருந்த ஃபேவர் லூபா நினைவிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாய்க்கு வந்து வியாபாரம் செய்த சுவிஸ் நிறுவனம் அது. 1968இல் ஆழத்தையும் முள்ளால் காட்டும் ‘பேத்தி’ என்ற முக்குளிப்புக் கடிகாரத்தை அது வெளியிட்டது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய, ஓசூரில் ஆலை வைத்துள்ள டைட்டன் நிறுவனம் 2011இல் அந்தப் பெயரை விலைக்கு வாங்கியது. 2023இல் அது எத்தோஸ் குழுமத்தின் கைக்குப் போனது.

கல்லாப்பெட்டி மேல் இருந்த கடிகாரம்

இப்போது கதைக்கு வருவோம். வளையத்தைத் திருப்பினேன், இருபக்கமும் தாராளமாகச் சுழன்றது. திருகைத் தொட்டதும் மூடியைக் கழற்றாமலே வெளியே வந்தது. முகப்பில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று எழுதியிருந்தும் விநாடி முள் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு தாவல் தாவியது. சுருள்வில் கடிகாரமாக இருந்தால் விநாடிக்கு ஆறு, எட்டு முறை நுணுக்கமாக அசைந்து, வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும்.

நண்பர் கடிகாரத்தை இளைஞர் பக்கம் நகர்த்தினார். “தம்பி, பில்லும் வாரண்டி அட்டையும் எடுத்துக்கிட்டு வா, பேசலாம்” என்றார். இளைஞர் போனவர்தான், திரும்பவில்லை.

இந்த மூன்று சோதனையும் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதில் எல்லாம் தேறிவிடும் போலிகளும் சந்தையில் உள்ளன. கடிகாரத்தைத் திறந்து பார்க்கும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

உண்மையில், அது அசலாக இருந்திருந்தால்தான் நண்பருக்குப் பெரிய ஆபத்து. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. ஐந்து லட்ச ரூபாய் பொருள் இருபதாயிரத்துக்கு வருகிறது என்பதே சந்தேகப்படப் போதுமான காரணம் அல்லவா? உரிமம் இல்லாமல் அடகுத் தொழில் நடத்துவதை 1943ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்காரர் சட்டம் தடுக்கிறது. பிரபலப் பெயர் பொறித்த போலிகளைக் கடையில் விற்றால் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு.

வணிக நண்பர்களே! கடன் கொடுப்பதும் நம்பிக்கையில் சரக்கு அனுப்புவதும் நம் தொழிலில் தவிர்க்க முடியாதவை. நம் கணிப்பும் சில நேரம் தவறத்தான் செய்யும். தவறினாலும் சிறு நஷ்டத்தோடு மேலே வந்துவிடும்படி, அந்த வளையத்தைப் போல ஒரு பக்கக் கட்டுப்பாட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். பில் இல்லாத பொருளுக்குப் பணம் இல்லை என்பது அப்படி ஒரு கட்டுப்பாடு.

மறுநாள் காலை மண்டிப் பணம் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது.