இன்னும் அடிபடுமா?

சீனாவின் ஹுபெய் மாகாணத்தில் ஜாங்ஜியாஷான் என்ற இடத்தில், 1983-84 குளிர்காலத்தில் ஒரு பழைய கல்லறை தோண்டப்பட்டது. கி.மு. 186ஐ ஒட்டி மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே சட்டச் சுவடிகளோடு சுமார் 190 மூங்கில் பட்டைகளில் எழுதிய ஒரு கணக்கு நூலும் இருந்தது. அதில் ஒரு கணக்கு: 162/2016ஐச் சுருக்குக. விடை 9/112.

நம் பள்ளிப் பிள்ளைகள் இதை எப்படிச் செய்வார்கள்? முதலில் மேலும் கீழும் இரண்டால் அடிப்பார்கள். 81/1008 வரும். அடுத்து மூன்றால் அடித்தால் 27/336. மறுபடி மூன்றால் அடித்தால் 9/112. விடை சரிதான். ஆனால் பென்சிலைக் கீழே வைக்கும்முன் ஒரு சந்தேகம் வந்தே தீரும்: இன்னும் அடிபடுமா? 9/112ஐப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். 49/91ஐ அப்படிச் சொல்ல முடியாது. 91 பத்தாம் வாய்ப்பாடு வரை பத்து வரிக்குள் எங்கும் வராத எண். பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். எத்தனையோ பேர் அதை அப்படியே விடையாக எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அந்த 49/91 சீனர்களின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற புகழ்பெற்ற கணித நூலிலேயே இருக்கிறது. வயல்களின் பரப்பைக் கணக்கிடும் முதல் அத்தியாயத்தில், 12/18க்கு அடுத்த கணக்காக வருகிறது. நூல் சொல்லும் வழியில் வாய்ப்பாட்டுக்கே வேலை இல்லை. இரண்டும் இரட்டை எண்களானால் பாதியாக்கு. இல்லாவிட்டால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போ. இரண்டும் சமமாகும்போது நிறுத்து. அவ்வளவுதான்.

91இல் 49 போனால் 42. 49இல் 42 போனால் 7. இனி 42இலிருந்து ஏழேழாகக் கழித்தால் 35, 28, 21, 14, கடைசியில் 7. இருபுறமும் 7. அந்த ஏழால் 49ஐயும் 91ஐயும் வகுத்தால் 7/13.

இது ஏன் பலிக்கிறது என்பதை, அந்த நூலுக்குக் கி.பி. 263இல் உரை எழுதிய லியூ ஹுய் விளக்கியிருக்கிறார். 49 என்பது ஏழு ஏழுகள். 91 என்பது பதின்மூன்று ஏழுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மிஞ்சுவதும் ஏழுகள்தான். எத்தனை முறை கழித்தாலும் பொதுக் காரணி தொலையாது. மற்றதெல்லாம் கழிந்து, மீப்பெரு பொதுக் காரணி மட்டும் கையில் நிற்கும். கிரேக்கத்தில் யூக்ளிடும் ஏறத்தாழ கி.மு. 300இல் தம் ‘மூலங்கள்’ நூலின் ஏழாம் பகுதியில் இதே கழித்தலைத்தான் நிறுவினார். நம் வகுப்பறைகளில் காரணிகளைத் தேடச் சொல்லும் அளவுக்கு இந்த வழியைச் சொல்லித்தருவதில்லை. அது பெரிய குறை.

இஸ்ரேலைச் சேர்ந்த ஜோசஃப் ஸ்டெயின் 1967இல் கணினிக்காக வெளியிட்ட முறையும் பாதியாக்கலும் கழித்தலும் சேர்ந்ததே. இருமத்தில் எழுதிய இரட்டை எண்ணைப் பாதியாக்க, கடைசியில் உள்ள பூஜ்யத்தை நீக்கினால் போதும் என்பதால் கணினிக்கு அது மிக எளிது.

மடிக்கணினித் திரை ஒன்றைக் கொண்டு இந்தக் கழித்தல் வழியைச் சோதிக்கலாம். 1920 × 1080 திரையில் இரண்டு எண்ணையும் 120ஆல் அடித்தால் 16/9. விலை குறைந்த மடிக்கணினிகளில் பரவலாக இருந்த 1366 × 768 திரையையும் 16:9 என்றே விற்றார்கள். பாதியாக்கினால் 683/384. இனி கழித்தல்: 299, 85. 299இல் மூன்று முறை 85 போனால் 44, பிறகு 41, 3, 41இல் பதின்மூன்று முறை 3 போனால் 2, கடைசியில் 1. ஒன்று வந்துவிட்டால் அதற்குமேல் அடிபடாது, சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தத் திரை 16:9 அல்ல, 683:384. உண்மையில் 16:9 ஆக இருக்க 768 புள்ளி உயரத்துக்கு 1365⅓ புள்ளி அகலம் வேண்டும்.