பழைய விளையாட்டுப் பலகையும் பழுதறியும் முறையும்

பழுதொன்று நேர்ந்தவிடத்து, அது தோன்றிய இடம் இன்னதென அறியுமுன்னரே அதனை நீக்க விரைதல் நம்மிற் பலர்க்கு இயல்பாகும். அவ்விரைவினால் ஓர் அரிய பொருளை யான் இழக்க இருந்தேன். இழவாது காத்த முறையினை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

என் தாய்மாமன் 1990களில் செங்கற்பட்டிலே காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுக் கூடமொன்றைச் சிறிய அளவில் நடத்தி வந்தார். வீடுகளிற் கணினியும், பின்னர்க் கைப்பேசியும் புகுந்தமையால் அக்கூடம் மூடப்பட்டது. மரப்பெட்டிகளும் படக்குழாய்களும் பழைய சாமான் வணிகரிடம் சென்றன. ஒரேயொரு பலகையை மட்டும் அவர் தகரப் பெட்டியிலிட்டுத் திருவிடந்தையிலுள்ள எங்கள் வீட்டுப் பரண்மீது வைத்திருந்தார். சென்ற கோடை விடுமுறையில், "இதனை மீண்டும் ஒருமுறை ஓட்டிக் காட்டுவாயா?" என்று அவர் வினவினார். இயக்கினேன், திரை முழுதும் பொருளற்ற எழுத்துக்களே நிறைந்து அசையாது நின்றன. அதனைக் கண்ட பழுது பார்ப்பார் ஒருவர், "மூளைச் சில்லு போய்விட்டது" எனத் தீர்ப்புக் கூறினார். அச்சில்லைப் பெயர்த்தெடுக்க யான் பற்றவைப்புக் கோலைச் சூடேற்றினேன். மாமாவோ, "முதலில் மின்சாரம் சரியாக வருகிறதா என்று பார்" என்றார். அச்சொல்லே பலகையைக் காத்தது.

அப்பலகை யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் ஜப்பானிய டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' முதலாய விளையாட்டுக்களின் பின் இத்தகைய பொறிகள் உலகெங்கும் பரவின. ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனி மின்சுற்றுப் பலகையில் அமைந்தது. தொடக்கத்தில் பலகைக்குப் பலகை கம்பியிணைப்பு வேறுபட்டது. 1985ஆம் ஆண்டில் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரால் 'ஜாமா' என்னும் பொது முறை ஏற்பட்டது. இம்முறையில் பலகையின் ஓரத்தே பக்கத்திற்கு 28 ஆக 56 தொடுமுனைகள் உள. மின்சாரம், படம், ஒலி, ஆட்டக்கோல், காசுப்பெட்டி ஆகிய யாவற்றிற்கும் அவையே வாயில். மரப்பெட்டி இல்லாத வீட்டில், மின்வழங்கியையும் ஆட்டக்கோலையும் திரைக்குரிய இணைப்பையும் ஒருங்கு சேர்த்த சிறு கருவியே அதன் வேலையைச் செய்யும். அதனைச் 'சூப்பர்கன்' என்பர். ஆயினும் ஜாமா முறைக்கு முற்பட்ட பலகைகளும் உளவாகலின், இணைப்பு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாராது எதனையும் செருகலாகாது. ஏழாவது முனையிருக்கும் இடத்திற் பிளவொன்று உண்டு. அதனைப் பாராது தலைகீழாகச் செருகின், 12 வோல்ட் மின்சாரம் புகத்தகாத வழியிற் புகுந்து சில்லுகளைக் கெடுக்கக்கூடும்.

இனி ஆராயும் முறை. முதலாவது மின்னழுத்தம். சில்லுகள் செவ்வனே இயங்க 5 வோல்ட் வேண்டும், 4.75க்குக் கீழாயின் அவை தடுமாறும். யான் மின்வழங்கியின் முனையில் மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் கண்டு மனநிறைவு கொண்டிருந்தேன். அதுவே என் பிழை. பலகையின்மீதே, ஒரு சில்லின் கால்களில் அளந்தபோது 4.4 வோல்ட்டே இருந்தது. எஞ்சியது இடைவழியில் இழக்கப்பட்டது. இந்நிலையில் மின்வழங்கியின் திருகைத் திருப்பி அழுத்தத்தை உயர்த்துவார் உளர். அது தவறு, பின்னர்த் தொடுமுனை தூய்மையாகும்போது மிகுமின்சாரம் பாய்ந்து கேடு விளைக்கும்.

இரண்டாவது தொடுமுனைகள். வங்கக் கடலோரத்து வீட்டில் உப்புக்காற்றுக்குத் தப்பும் உலோகம் அரிது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கின்றது. அதனைத் தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக்கூழ் அப்பி உறிஞ்சி எடுக்கின்றனர். கல்லுக்கே அந்நிலையெனின் செம்பின் நிலை கூற வேண்டுவதில்லை. எம் பலகையின் முனைகளிற் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்ககாலால் துடைத்தேன். உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது, மேற்பூச்சு உரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய தடித்த கம்பிகளால் மின்னிணைப்பையும் மாற்றினேன். மீண்டும் அளக்க, 4.95 வோல்ட் வந்தது. விளையாட்டின் பெயரும் திரையில் எழுந்தது. மூளைச் சில்லுக்கு யாதொரு குறையும் இல்லை.

மூன்றாவது படமும் ஒலியும். இப்பலகைகள் நொடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகளை வரைவன. கணினித் திரைகளிற் பெரும்பாலானவை 31,000க்குக் குறைந்தவற்றை ஏலா. ஆதலின், இடையே மாற்றிப் பலகை இன்றேல் திரை வெறிதாகும். அது பலகையின் குற்றமன்று. படம் உருண்டோடின் ஒத்திசைவுக் கம்பியையும், ஒரு நிறம் மட்டும் குறையின் அந்நிறத்திற்குரிய கம்பியையும் நோக்குக. எமக்குச் சிவப்பு வரவில்லை. 12ஆம் முனையை மீண்டும் துடைத்ததும் வந்தது. ஒலி எழாவிடின் 12 வோல்ட்டை அளக்க. பெரும்பாலும் ஒலிபெருக்கும் பகுதிக்கு அதுவே உணவு.

இவையனைத்தும் செம்மையாயிருந்தும் இயங்காவிடத்தே சில்லுகளை ஐயுறல் வேண்டும். செருகுதளத்தில் அமர்ந்தவற்றை, திசைக்குறி மாறாமல் மெல்ல எடுத்து மீண்டும் பொருத்தலாம். விளையாட்டின் நிரல் உறையும் 'ஈப்ராம்' சில்லின்மேல் ஒட்டிய தாளை உரிக்கலாகாது. அதனடியில் உள்ள கண்ணாடிச் சாளரத்தின் வழியே நேர்வெயில் புகின், ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிரல் அழிந்துபோம். பழைய படக்குழாய்ப் பெட்டியைத் திறத்தலும் மாணாக்கர்க்கு ஆகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிர்க்கு இடர் விளைக்கும் அழுத்தம் அதனுள் தங்கியிருக்கும்.

நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் அறிவுறுத்துவதைத் தேர்வுக்காகப் பலமுறை எழுதியிருக்கிறேன். பற்றவைப்புக் கோலைக் கையிற் பிடித்திருந்த அன்றோ, அஃது என் நினைவில் எழவில்லை. எளியதை முதலிலும் அரியதை இறுதியிலும் ஆராய்க. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுக. திரும்பப் பெறவொண்ணாத செயலைக் கடைசியிற் செய்க. இம்மூன்றுமே யான் கற்றவை.

ஒலியில் மெல்லிய இரைச்சல் ஒன்று இன்னும் உளது. முதிர்ந்த மின்தேக்கிகளை மாற்றின் அது நீங்குமென நம்புகிறேன். அன்று மாலை மாமா ஆட்டக்கோலைப் பற்றினார். முதற் கட்டத்தையும் அவர் தாண்டவில்லை. "இன்னுமொரு காசு போடு" என்று என்னை நோக்கி நகைத்தார்.