ஆகாயக் கோபுரமும் அன்டெனாவின் திசையும்

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. இத்தகைய நாளில் மின்சாரம் நின்றால் கைத்தொலைபேசிக் கோபுரம் பட்டரியில் சில மணி நேரமே தாங்கும். வீடிழந்தவர்கள் உறவினரை எப்படித் தேடுவார்கள்? கோபுரத்தையே ஆகாயத்தில் மிதக்கவிட்டால் என்ன?

இது வெறும் கற்பனையல்ல. கூகிள் தொடங்கிய ‘லூன்’ திட்டம் சுமார் 20 கிலோமீற்றர் உயரத்தில் பலூன்களை மிதக்கவிட்டது. 2015இல் இலங்கையும் இதற்கு உடன்பட்டது. 2016 பெப்ரவரியில் சோதனைப் பலூனொன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். இங்கு சேவை தொடங்கவில்லை. ஆனால் 2017இல் சூறாவளி சிதைத்த புவர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு இப்பலூன்கள் தொடர்பு கொடுத்தன.

சிக்கல் எங்கே?

டோர்ச் ஒளியை ஒடுக்கினால் தூரம் போகும்; கை சற்று அசைந்தாலும் குறி தவறும். தூரத்துக்கு அனுப்பும் வானொலி அலையும் அப்படியே. 100 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு பாகை பிசகினால் அலை ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோமீற்றர் விலகிவிடும். பலூனோ காற்றில் அலைகிறது, சுழல்கிறது.

திசையறிய மூன்று படிகள்

முதலாவது, இடம். ஜி.பி.எஸ். கருவி தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். மற்றப் பலூனின் இடமும் செய்தியாக வரும்.

இரண்டாவது, முகம். கண்ணைக் கட்டிச் சுழற்றிவிட்ட பிள்ளைக்கு, தான் வீட்டின் நடுவில் நிற்பது தெரிந்தாலும் வாசல் எப்பக்கமென்று தெரியாது. காந்தத் திசைகாட்டி உதவும்; ஆனால் அருகிலுள்ள இரும்பும் மின்கம்பியும் அதைப் பிசகச் செய்யும். எனவே இடைவெளிவிட்டு இரண்டு ஜி.பி.எஸ். அன்டெனாக்களைப் பொருத்தலாம். அலை இரண்டையும் வந்தடைவதில் உள்ள நுண்ணிய வித்தியாசம் திசையைக் காட்டும். இடைவெளி கூடினால் துல்லியமும் கூடும்.

மூன்றாவது, தேடல். லயத்துக் கூரையில் ஒருவர் டி.வி. அன்டெனாவைத் திருப்ப, உள்ளிருப்பவர் “இப்ப தெளிவு, நிறுத்து!” என்று கத்துவாரே, அதே வேலை. சமிக்ஞை கூடும் பக்கம் அன்டெனா தானாகத் திரும்பும்.

2018இல் இரண்டு பலூன்கள் 600 கிலோமீற்றர் இடைவெளியில் இணைந்தன. 2021இல் லூன் மூடப்பட்டது. வருமானத்தால் செலவை ஈடுசெய்ய முடியவில்லை. ஆனாலும் ஆளில்லா விமானங்களுக்கும் இதே மூன்று படிகள்தான் தேவை.

அதுவரை காத்திருக்க மழை சம்மதிக்காது. உங்கள் பகுதி அனர்த்த முகாமைத்துவக் கூட்டத்தில் கேளுங்கள்: கோபுரம் நின்றுபோனால் மண்சரிவு எச்சரிக்கை எங்களுக்கு எவ்வழியில் வரும்?