நம் வாசலில் நிற்கும் மலை

விடுமுறை நெருங்கியதும் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதே. கொடைக்கானலுக்கோ உதகைக்கோ சென்றுவரப் பணமும் வேண்டும், விடுப்பும் வேண்டும். இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளிலும் உழைக்கின்ற குடும்பங்களுக்கு இவ்விரண்டும் எளிதில் வாய்ப்பவை அல்ல. ஆயினும், தெருவில் நின்று மேற்கே தலைநிமிர்ந்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலை நம் வாசலுக்கே வந்து நிற்பதுபோல் காட்சியளிக்கிறது. நாள்தோறும் கண்ணிற் படுவதாலேயே நாம் கருத்தோடு காணாதுவிட்ட செல்வம் அது.

வத்திராயிருப்பிலிருந்து மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறைக்குச் செல்லும் சாலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருபுறமும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் தொடர, மலை ஒவ்வொரு வளைவிலும் உயர்ந்துகொண்டே வருகிறது. தாணிப்பாறையில் சாலை முடிகிறது, காடு தொடங்குகிறது. சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குச் செல்லும் இந்துச் சகோதரர்கள் இங்கிருந்துதான் மலையேறுகின்றனர். அருகிலேயே பிளவக்கல் திட்டத்தின் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகள் மலைநீரைத் தேக்கி நிற்கின்றன. தெற்கே வந்தால் திருவில்லிபுத்தூருக்கு அருகே செண்பகத்தோப்பு. இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவி. பேருந்துக் கட்டணத்துக்கு மேல் பெருஞ்செலவின்றிக் காணத்தக்க காட்சிகள் இவை.

அணில் வாழும் காடு

இக்காட்டுக்கு உலகறிந்த பெயர் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு இது சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நம் வீட்டு முற்றத்தில் துள்ளும் மூன்று கோட்டு அணில் அன்று இது. பூனையளவு உடலும், ஏறத்தாழ அதே நீளத்துக்கு நரைத்த வாலும் உடையது. தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் அன்றி, உலகில் வேறெங்கும் இயற்கையில் இதனைக் காணவியலாது.

தரையில் இறங்குவதை இவ்வணில் பெரிதும் தவிர்க்கும். மரத்திலிருந்து மரத்துக்குக் கிளைவழியே தாவிச் செல்லும்; கிளைகள் ஒன்றோடொன்று கூடும் உயரத்தில் சுள்ளியும் இலையும் கொண்டு கூடு கட்டும். ஆதலால் ஓடைக்கரையில் நெருங்கி நிற்கும் மரங்களே இதற்கு வீடும் வீதியும் ஆகும். இடையில் ஒரு மரம் வீழ்ந்தால் வீதி அறுந்தது என்று பொருள். ஓர் அணிலைக் காப்பதென்றால் ஓடைக்கரைக் காடு முழுவதையும் காக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

2021ஆம் ஆண்டு இச்சரணாலயமும் மேகமலை வனப்பகுதியும் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த பரப்பு அது. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம். யானை, சிறுத்தை, கரடி, வரையாடு ஆகியவை வாழுமிடம். நம் நகரத்துக் கடைவீதியிலிருந்து இத்தகைய காடு இவ்வளவு அருகில் இருப்பது எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது?

மலையும் நம் சோறும்

"புலிக்கும் அணிலுக்கும் இத்தனை பாதுகாப்பா? மனிதருக்கு என்ன பயன்?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. விடை நம் சோற்றுத் தட்டில் இருக்கிறது.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவு பெற்றுக்கொள்கிறது. கிழக்கே இருக்கும் நாம் பெரிதும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே. அது சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். மரமும் சருகும் வேரும் மண்ணும் அந்நீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுவதாலேதான், மழை ஓய்ந்த பின்னும் ஓடைகள் ஓடுகின்றன. அணைகளும் கண்மாய்களும் நிறைகின்றன. வத்திராயிருப்பில் நெல் விளைகிறது. இந்நீரே அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றோடு கலந்து மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. மலையின் மறுபக்கத்து வனம் வைகைக்கு ஊற்றுக்கண். காடு மொட்டையானால் மழைநீர் ஒரே நாளில் வெள்ளமாய் வந்து, மறுநாள் வறட்சியை விட்டுச் செல்லும். புலிக்காகப் பூட்டப்படும் கதவு நம் கிணற்றுக்கும் காவல் அன்றோ?

அழகில் மறைந்த ஆபத்து

காட்டின் அழகைச் சொல்லிவிட்டு அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது. 2015ஆம் ஆண்டு மே மாதம், சதுரகிரிக்குச் சென்று திரும்பியோர் திடீர் வெள்ளத்தில் சிக்கினர், பலர் உயிரிழந்தனர். அதன்பின் மலைக்குச் செல்லும் நாள்களும் நேரமும் கட்டுப்படுத்தப்பட்டன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளை வகுத்தது.

இவ்விரு துயரங்களும் நிகழ்ந்த மாதங்களைக் கவனியுங்கள். ஒன்று மார்ச், மற்றொன்று மே. நாம் வழக்கமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படும் காலம் இதுவே! கோடையின் முற்பகுதியில் புல்லும் சருகும் காய்ந்து, ஒரு தீப்பொறிக்குக் காத்துக் கிடக்கின்றன. பிற்பகுதியிலோ, காலையில் தெளிந்திருந்த வானம் மாலையில் இடியுடன் கொட்டுகிறது. அடிவாரத்தில் ஒரு துளியும் விழாதபோது உச்சியில் பெருமழை பெய்திருக்கலாம். செங்குத்தான பாறைச் சரிவில் அந்நீர் தங்காது. சிறிது நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும். முழங்கால் நீரில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு ஓடிக் கரையேற நேரம் கிடைக்காது.

ஆதலால் குடும்பத்தோடு செல்ல உகந்த காலம், வடகிழக்கு மழை ஓய்ந்த ஜனவரி மாதமே என்பது என் கருத்து. அப்போது ஓடைகளில் நீர் இருக்கும், காடு பசுமையாயிருக்கும், வெயிலும் வாட்டாது. பொங்கல் விடுமுறை அதற்கு ஏற்றது.

பெற்றோர் கவனத்துக்கு

வனத்துறை அன்று அனுமதிக்கிறதா என்பதை முன்னரே கேட்டறியுங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று காவலரிடம் வாதாடுவது பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் தீய பாடம். காலையில் சென்று, பிற்பகலுக்குள் திரும்புங்கள். ஓடைநீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, அக்கணமே உயர்ந்த கரைக்கு ஏறிவிடுங்கள். இடையில் வெள்ளம் வந்துவிட்டால் கடக்க முயலாமல், இருக்கும் கரையிலேயே காத்திருங்கள். மலை ஓடை விரைவில் ஏறுவதுபோலவே பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்தும்விடும். பசியோடு காத்திருப்பது உயிரை இழப்பதினும் மேலானது.

புளிச்சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுசெல்லுங்கள்; பிளாஸ்டிக் பை வேண்டா. உப்புச்சுவை படிந்த பையை மானும் உணவென்று தின்றுவிடும். குரங்குக்கு உணவளிப்பது இரக்கமன்று. இன்று கையிலிருந்து வாங்கும் குரங்கு நாளை குழந்தையின் கையைக் கடித்துப் பறிக்கும். நெருப்பு மூட்டுதல், புகைபிடித்தல், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. வழியில் பிறருடைய வழிபாட்டுத் தலங்கள் இருக்குமாயின், நம் ஆலயத்தில் பிறர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென விரும்புகிறோமோ, அவ்வாறே நாமும் நடந்துகொள்வோமாக.

உயரம் ஏற விழையும் இளைஞர்களுக்கும் நல்வழி உண்டு. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு, மாநிலமெங்கும் 40 மலைப்பாதைகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. மலைவாழ் மக்களும் வனத்தையொட்டிய ஊர்களின் இளைஞர்களும் இதில் வழிகாட்டிகளாகப் பணிபுரிகின்றனர். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, ஒருவரிடமும் சொல்லாமல் காட்டுக்குள் நுழையும் துணிவு வீரமாகாது.

ஒன்று மட்டும் இறுதியாக. மலைக்குப் போனால் அணிலைக் கண்டே தீரவேண்டும் என்பதில்லை. தோப்பு ஓரத்தில் பிள்ளைகளை அரைமணி நேரம் பேசாமல் அமரவைத்துப் பாருங்கள். கிளை அசைவதையும், பறவை அழைப்பதையும், நீர் கல்லில் மோதுவதையும் அவர்கள் தாமே கேட்டறிவர். வீட்டுக்குத் திரும்பிக் குழாயைத் திறக்கும்போது, "இந்தத் தண்ணீர் அந்த மலையிலிருந்தா வருகிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், சென்ற செலவுக்கு நிறைந்த பயன் கிட்டிவிட்டது என்று கொள்ளுங்கள்.