தாத்தா ரிவால்வருக்கு ஸ்பேர் கிடைக்கலையா? லேத் பட்டறைக்குப் போனா கம்பி எண்ணணும்!

திருச்சி:

பீரோவுக்குள் தாத்தா காலத்து ரிவால்வர். லைசென்ஸ் பக்காவாக இருக்கிறது. ஆனால் ட்ரிகரை இழுத்தால் சிலிண்டர் சுற்றவில்லை. உள்ளே ஏதோ தேய்ந்து போயிருக்கிறது. அதைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனியோ கைத்துப்பாக்கி செய்வதையே நிறுத்தி 40 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

"நம்ம லேத் பட்டறை தம்பிகிட்ட கொடுத்தா அரை மணி நேரத்துல கடைஞ்சு கொடுத்துடுவான்" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உஷார்! அங்கேதான் வில்லங்கமே ஆரம்பம்.

ஏன் ஸ்பேர் கிடைக்கல?

நம் ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கும் பழைய குடும்பங்களிடம் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு சரக்கு. அதில் முக்கியமானது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர். பிரிட்டிஷ் ராணுவம் 1887-லேயே வெப்ளி ரிவால்வரை எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரை நம்பி ஜமீன்தார்களும் எஸ்டேட் முதலாளிகளும் வாங்கினார்கள். 1979-ல் பர்மிங்காமில் துப்பாக்கி தயாரிப்பு நின்று போனது.

இன்னொரு பக்கம், 1980-களின் நடுவில் தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை மத்திய அரசு நிறுத்திவிட்டது. துப்பாக்கி சுடும் போட்டியில் பெயர் வாங்கிய வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் இங்கே சுற்றி வருவதெல்லாம் அதற்கு முன் வந்தவைதான். புதுசு வராது, ஸ்பேரும் வராது. நல்ல நிலையில் இருக்கும் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு லட்சக்கணக்கில் விலை சொல்வதும் இதனால்தான்.

எது எது கெட்டுப் போகும்?

ரிவால்வர் என்றால் முதலில் தளர்வது மெயின் ஸ்பிரிங். அது தளர்ந்தால் சுத்தி பலமாக அடிக்காது, தோட்டா வெடிக்காது. அடுத்தது சிலிண்டரைத் தள்ளிவிடும் சின்ன நெம்புகோல். அது தேய்ந்தால் தோட்டா இருக்கும் துளையும் குழலும் நேருக்கு நேர் நிற்காது. அந்த நிலையில் சுட்டால் ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். எதிரிக்கு முன்னால் சுடுபவர் கைதான் போகும்.

பிஸ்டலில் மேகசின், ரீகாயில் ஸ்பிரிங், ஃபயரிங் பின் மூன்றும்தான் தலைவலி. மேகசின் தொலைந்துவிட்டால் பாதி துப்பாக்கி போன மாதிரி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்து துப்பாக்கிகளில் பல பாகங்களைக் கையால் அரம் போட்டு ராவித்தான் பொருத்தினார்கள். அதே மாடலின் பாகம் கிடைத்தாலும் அப்படியே உட்காராது. கைதேர்ந்த ஆள் உட்கார்ந்து சரி பண்ண வேண்டும்.

லேத் பட்டறை ஏன் கூடாது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் 5-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? துப்பாக்கியைத் தயாரிக்க, விற்க மட்டுமல்ல. ரிப்பேர் செய்யவும், சோதித்துப் பார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் உதிரி பாகமும் அடங்கும்.

மீறினால்? 2019-ல் சட்டத்தைத் திருத்தி தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள். குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. தெரிந்தவருக்கு உதவி செய்ய நினைத்த பட்டறைக்காரருக்கும் இதே கதிதான். கொடுத்தவரும் வழக்கில் சிக்குவார், லைசென்சும் ரத்தாகலாம். ஒரு நெம்புகோலுக்காக இரண்டு குடும்பம் தெருவுக்கு வர வேண்டுமா?

குறுக்கு வழி வேற இருக்கா?

சிலர் கேட்பது: "அதே மாடல்ல ஓடாத துப்பாக்கி ஒண்ணு வாங்கி, பாகத்தைக் கழட்டி மாட்டலாமே?" முடியாது. ஓடாவிட்டாலும் அது துப்பாக்கி கணக்குதான். ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019 திருத்தத்தில் 2 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஸ்பேருக்காக ஒரு லைசென்ஸ் யாரும் தர மாட்டார்கள்.

"வெளிநாட்டுல இருக்கிற மாமாகிட்ட சொல்லி கூரியர்ல வரவைக்கலாமா?" அதுவும் கூடாது. ஆயுதம் இறக்குமதி செய்ய 10-வது பிரிவின் கீழ் லைசென்ஸ் வேண்டும். பாகமும் ஆயுதம்தான் என்பதை மறக்காதீங்க. கஸ்டம்ஸில் மாட்டினால் மாமாவும் காப்பாற்ற மாட்டார்.

அப்போ சரியான வழி என்ன?

ரிப்பேர் செய்யவும் அனுமதி பெற்ற துப்பாக்கி டீலர் கடைக்குப் போக வேண்டும். எல்லா டீலருக்கும் ரிப்பேர் அனுமதி இருக்கும் என்று நினைக்காதீங்க. கடையில் மாட்டியிருக்கும் லைசென்சைப் பார்த்துக் கேளுங்க. தோட்டாவை எடுத்துவிட்டு, ஒரிஜினல் லைசென்சோடு கொண்டு போங்க. ரிஜிஸ்டரில் பதிவு போட்டு ரசீது கொடுப்பார்கள். ரசீது இல்லாமல் துப்பாக்கியை விட்டுவிட்டு வரக்கூடாது.

வயதானவர், நடக்க முடியவில்லை என்றால்? மகனிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி எழுதிக் கொடுத்து ரிப்பேருக்கு அனுப்ப சட்டத்தின் 3-வது பிரிவிலேயே இடம் இருக்கிறது. வாய்ச்சொல் மட்டும் போதாது.

திருச்சியில்தான் துப்பாக்கி தொழிற்சாலை இருக்கிறதே, நேராக அங்கே போனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 1966-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் முக்கிய வேலை பாதுகாப்புப் படைகளுக்கான ரைபிள்கள். பொதுமக்களுக்கான .32 ரிவால்வருக்குப் பெயர் போனது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை. 2021 அக்டோபரில் இருந்து இரண்டும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வருகின்றன. உங்களுடையது கான்பூர் தயாரிப்பு என்றால் ஸ்பேருக்கு டீலர் மூலம் கேட்டுப் பார்க்கலாம்.

கான்பூர் ரிவால்வரைப் பார்த்தால் வெப்ளி ஜாடை தெரியும். உத்தரப்பிரதேசம் ஹர்தோய் மாவட்டம் சண்டிலாவிலும் வெப்ளி பெயரிலேயே .32 ரிவால்வர் தயாரிப்பு 2020-ல் அறிவிக்கப்பட்டது. அதற்காக புது ரிவால்வரின் பாகம் தாத்தா ரிவால்வரில் பொருந்திவிடும் என்று நினைத்து பணத்தைக் கொட்ட வேண்டாம். டீலர் அளந்து பார்த்துச் சொல்லட்டும்.

பாலிஷ் போடும்போது கவனம்!

துரு ஏறிய துப்பாக்கியைத் தேய்த்து பளபளவென்று ஆக்கும்போது அதிலுள்ள நம்பர் மழுங்கிவிடக் கூடாது. நம்பரை அழிப்பது 8-வது பிரிவின்படி குற்றம். குழலைக் குட்டையாக்குவதும் கூடாது.

தோட்டா வாங்குவதிலும் கோட்டை விடுகிறார்கள். ரிவால்வர் .32 வேறு, பிஸ்டல் .32 வேறு. பழைய ஜெர்மன் பிஸ்டலில் 7.65 என்று பொறித்திருந்தால் அதற்குப் பெரும்பாலும் பிஸ்டல் .32 தோட்டாதான். "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று மொட்டை மாடியில் சுட்டுப் பார்ப்பதும் வேண்டாம். உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி அலட்சியமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டுமே.

கெடாமல் வைப்பது எப்படி?

தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைக்காதீங்க. தோல் ஈரத்தை இழுத்து துரு பிடிக்க வைக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் நாளடைவில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய்தான் சரி. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்ததும் துடைத்து எண்ணெய் போட மறக்காதீங்க. வாரக்கணக்கில் சும்மா கிடந்ததாயிற்றே.

சரி பண்ணவே முடியலன்னா?

லைசென்ஸ் உள்ள வேறு ஒருவருக்கு விற்கலாம். ஆனால் கலெக்டருக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகியிருந்தால், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்க 2016 விதிகளில் வழி உண்டு.

அவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே போலீஸ் ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம்தான் வாரிசு லைசென்சுக்கு மனு.

தாத்தா ஞாபகம் பெருசுதான். அதற்காகச் சுடாத துப்பாக்கியை நம்பிப் படுப்பதும், பட்டறையில் கொடுத்துச் சுட வைப்பதும் இரண்டுமே ஆபத்து. நாளைக்கே எடுத்துக்கொண்டு டீலரைப் பாருங்க. மறக்காம லைசென்சையும் எடுத்துட்டுப் போங்க!