நாற்பது பேருக்கு ஒரு கூத்து

விருத்தாசலம் பக்கம் ஊர்ப் பொதுவில் நாடகம் போடலாம் என்று பேச்செடுத்தால் ஆளுக்குப் பஞ்சம் வராது. பொம்மை வார்க்கிற கூடத்தில் வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், பள்ளிக்கூட வாத்தியார், காலேஜ் பிள்ளைகள் என்று ஒரு வாரத்தில் 40 பேர் பெயர் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் நாடகப் புத்தகத்தைப் பிரித்ததும் ஆரம்பிக்கும். அச்சில் கிடைக்கும் சமூக நாடகங்களில் கதாநாயகன், கதாநாயகி, அப்பா, அம்மா, வில்லன், காமெடியன் என்று ஏழெட்டுப் பேருக்குத்தான் வசனம். மற்றவர்கள் கல்யாணக் காட்சியில் நிற்கலாம், பஞ்சாயத்துக் காட்சியில் தலையாட்டலாம். மூன்றாவது ஒத்திகைக்கு அவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பெரிய கூட்டத்தை வைத்து நாடகம் போடுவது தனித் தொழில்நுட்பம். அதை வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள். அந்தக் கோயில்களின் பாரதத் திருவிழாவில்தான் தெருக்கூத்து வளர்ந்தது. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாடுவார்கள்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். பாரதத்தில் பாத்திரங்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஆட வருகிற ஜமாவில் வாத்தியக்காரர்களையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். அவ்வளவு பேரை வைத்து அத்தனை பெரிய கதையை எப்படி ஆடுகிறார்கள் என்று கவனித்தால், நம்முடைய தலைகீழான சிக்கலுக்கும் அங்கேயே விடை கிடைக்கும்.

முதல் விடை கட்டியங்காரன். அவன் ராஜாவின் வருகையைச் சொல்பவன். ராஜாவையே கேலி செய்பவன். தேவைப்பட்டால் மந்திரி, தூதன், கிழவி, ஊர்ச்சனம் எல்லாம் அவனே. வேஷம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு நேரமானால் அரை மணி நேரம் தனியாக மேடையைத் தாங்குவான். துகில் கூத்தைப் பாருங்கள். கதைப்படி அது நிறைந்த சபை: பீஷ்மர், துரோணர், விதுரர், நூறு கௌரவர். கூத்தில் துரியோதனன், துச்சாதனன், திரௌபதி, கட்டியங்காரன் என்று நாலைந்து பேர் நின்றால் போதும். சபையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவர்களுடைய இடத்தைப் பார்க்க வந்த ஊர் நிரப்பிவிடுகிறது. திரௌபதி நியாயம் கேட்பதும் நம்மைப் பார்த்துத்தான்.

இரண்டாவது விடை இன்னும் துணிச்சலானது. படுகளத்தன்று ஊரே வேஷக்காரராகிவிடுகிறது. திடலில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு பெரிதாகச் செய்து வண்ணம் பூசி வைப்பார்கள். களிமண் இந்தப் பக்கத்து ஊர்களுக்குக் கைபழகிய சரக்கு. அதனால் முகம், மீசை, கிரீடம் எல்லாம் நேர்த்தியாக அமையும். வேஷம் கட்டிய துரியோதனனும் வீமனும் அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன் மேலேறியும் ஓடுவார்கள். பின்னாலேயே பிள்ளைகளும் ஓடும். தொடையில் கதை விழும், உள்ளே வைத்த சிவப்பு நீர் பீறிடும், திரௌபதியின் விரித்த கூந்தல் முடியப்படும். சாயங்காலம் தீமிதி. இதில் யார் நடிகர், யார் பார்வையாளர் என்று கோடு கிழிக்க யாராலும் முடியாது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுவதும் இந்த வகைதான். அரவான் களபலி என்ற கதையில் அங்கே வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் இருக்கிறது.

ஆனால் தெருக்கூத்து ஜமா தொழில்முறை ஜமா. ஊர்க்காரர்களே, வேறு வேலை பார்ப்பவர்களே, முழுக் கூத்தையும் ஆட வேண்டுமென்றால்? அதற்கு இலங்கையின் மட்டக்களப்புக்குப் போக வேண்டும். அங்கே கூத்து என்பது கிராமத்தின் காரியம். ஊர்ப் பெரியவர்கள் கூடி இந்த வருஷம் எந்தக் கூத்து என்று முடிவு செய்வார்கள். போரும் புராணமுமாக வேண்டுமென்றால் பெரும்பாலும் வடமோடி. காதல், கற்பனைக் கதை என்றால் தென்மோடி. அண்ணாவியார் வந்து இளைஞர்களை நிறுத்திப் பார்ப்பார். யாருக்குக் குரல், யாருக்கு உயரம், யாருக்குக் கால் ஓடும் என்று கண்ணாலேயே அளப்பார். பிறகு நல்ல நாள் பார்த்துச் ‘சட்டம் கொடுத்தல்’: அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது. அதற்குப்பின் மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம். தேறியதும் சதங்கை அணி விழா, பிறகு அரங்கேற்றம், அதற்கும் பிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல்.

இந்த ஏற்பாட்டில் நான் வியப்பது ‘வரவு’. சின்னப் பாத்திரமோ பெரிய பாத்திரமோ, களரிக்குள் முதலில் வரும்போது அவனுக்கென்று ஒரு பாட்டும் ஆட்டமும் உண்டு. அந்த நேரம் வட்டக்களரி அவன் ஒருவனுடையது. சுற்றிலும் சனம், மத்தளம் அவன் காலுக்கு அடிக்கிறது, பிற்பாட்டுக்காரர்கள் அவன் வரியை வாங்கிப் பாடுகிறார்கள். ஏட்டண்ணாவியார் பக்கத்தில் நின்று அடி மறந்தால் எடுத்துக் கொடுக்கிறார். அதற்குப்பின் கதையில் அவனுக்கு நாலு வரிதான் என்றாலும் கவலையில்லை. அவன் வீட்டார் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள். பெரிய கூட்டத்தைக் கடைசிவரை கட்டி வைத்திருக்கும் சூட்சுமம் இதுதான். நம் சமூக நாடகத்தின் கல்யாணக் காட்சி விருந்தாளிக்கு இல்லாதது இந்த வரவு ஒன்றுதான்.

சென்னையில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891 ஜூலை 1 அன்று அவர் நண்பர்களுடன் தொடங்கிய சுகுண விலாச சபை, பிழைப்புக்காக நடிக்காதவர்களின் சபை. அவரோ 90-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதித் தள்ளினார். எழுத்தாளனே குழுவுக்குள் இருந்தால் ஆளைப் பார்த்துப் பாத்திரம் எழுதலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே இருப்பதிலிருந்து பொறுக்க வேண்டும்.

பொறுக்கும்போது பாத்திரங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. முப்பது பெயர் அச்சிட்ட நாடகத்தில் இருபத்தைந்து பேர் வசனமில்லாமல் கடைசிவரை மேடையில் உட்கார வேண்டியிருந்தால் அது கெட்ட தேர்வு. முழு வேஷத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. வியர்வையில் அரிதாரம் வழியும், தூக்கம் வரும், முன் வரிசையிலிருக்கும் மச்சானைப் பார்த்துச் சிரிப்பு வரும். கதை துண்டு துண்டாக, வருகை வருகையாக அமைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒருவர் வருவார், ஒன்று செய்வார், போவார், அடுத்தவர் வருவார்.

அந்தக் கணக்கில் என் ஓட்டு வில் வளைப்புக்கு. பாஞ்சாலியின் சுயம்வரம். துருபதன் கொலுவிருக்கிறான். அரசர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள்: சல்லியன், சராசந்தன், சிசுபாலன், துரியோதனன், கர்ணன். ஒவ்வொருவருக்கும் ஒரு வரவு, கொஞ்சம் வீராப்பு, கட்டியங்காரனோடு ஒரு வாய்ச்சண்டை, வில்லோடு ஒரு மல்லுக்கட்டு, ஒரு தோல்வி. நாலு அரசர் போதுமென்றால் நாலு. ஆள் இருந்தால் பன்னிரண்டு. இது போதாதென்று திரௌபதிக்குத் தோழிகள், திட்டத்துய்மன், அந்தணர் கூட்டம், அதில் ஒளிந்திருக்கும் ஐவர், கிருஷ்ணன், பலராமன். ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு தேசத்து ராஜா வரவில்லை, அவ்வளவுதான், கதை நொண்டாது. தோற்பதற்கு நல்ல நடிகர்களைப் போடுங்கள் என்பேன். வில்லைத் தூக்க முடியாமல் கீழே விழும் அரசனுக்குக் கிடைக்கும் கைதட்டு, வென்ற அர்ச்சுனனுக்குக் கிடைக்காது.

பாத்திரம் பிரிக்கும் நாள்தான் ஆபத்தான நாள். அதிக உபயம் கொடுத்தவர் மகனுக்குக் கிருஷ்ணன் வேஷம் என்று எந்த ஊரிலும் ஒரு குரல் எழும். முடிவை அண்ணாவியார் கையில் விட்ட மட்டக்களப்பு வழி இதற்கு நல்ல மருந்து. வெளியூர்க் கூத்து வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதே தீர்ப்பு என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

ஒத்திகைக்கு 40 பேரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். ஒருவருக்குப் பகல் ஷிப்ட், இன்னொருவர் சூளை அணையும்வரை நகர முடியாது. செராமிக் வேலை தெரிந்தவர்களுக்கு இதற்கு வழி சொல்லத் தேவையில்லை. பெரிய பொம்மையை யாரும் ஒரே அச்சில் வார்ப்பதில்லை; தலை ஓர் அச்சு, உடம்பு ஓர் அச்சு, கை வேறு. ஈரம் காய்வதற்குள் மண்கூழைத் தடவி ஒட்டுவார்கள். கூத்தும் அப்படித்தான். சல்லியனுக்கும் கட்டியங்காரனுக்கும் தனி ஒத்திகை, தோழிகளுக்குத் தனி, அந்தணர்களுக்குத் தனி. கட்டியங்காரன் மட்டும் எல்லா ஒத்திகைக்கும் வந்தாக வேண்டும், ஏனென்றால் ஒட்டுகிற கூழ் அவன்தான். ஆகவே அந்த வேஷத்துக்கு ஊரிலேயே அதிகம் சிரிக்க வைப்பவரைத் தேடாதீர்கள். நேரத்துக்கு வருபவரைப் போடுங்கள். சிரிப்பு தானாக வரும். முழு ஒட்டு கடைசிப் பத்து நாளில் போதும்.

ஆட வெட்கப்படுகிறவர்களுக்கும் கூத்தில் வேலை உண்டு. வாத்தியக்காரர் பெஞ்சுக்குப் பக்கத்தில் பின்பாட்டு நிற்க எட்டுப் பேரைப் போடலாம். வேஷக்காரர் ஒரு வரி பாடுவார், பின்பாட்டு அதையே திருப்பிப் பாடும். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்கி அடவு போடுவார், அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவருவார். பின்பாட்டு பலமாக இருந்தால் சுமாரான பாடகரும் ராஜபார்ட் ஆகலாம். திரை பிடிக்க இரண்டு பேர். முக்கிய வேஷம் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடும். மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும். சனம் பொறுமை இழக்கிற நேரம் பார்த்துத் திரை விலகும். அந்த நேரத்தைச் சரியாகப் பிடிப்பது திரைக்காரர் கையில் இருக்கிறது. இதைச் சில்லறை வேலை என்று நினைத்துச் சின்னப் பையன்களிடம் விடுகிற ஊர்களில் முதல் வரவே வீணாகிப் போகும்.

செலவு வேஷத்தில் வரும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டிய அணிகளைக் ‘கட்டை’ என்பார்கள். கட்டைக்கூத்து என்ற பெயரே இதிலிருந்து வந்தது. எல்லோருக்கும் கட்டை வேஷம் கட்டினால் வாடகையும் தாங்காது, ஒப்பனை நேரமும் தாங்காது. அர்ச்சுனன், துரியோதனன், கர்ணன், துருபதன் என்று நாலைந்து பேருக்கு முழுக் கட்டை போதும். மற்ற அரசர்களுக்குத் தலைப்பாகையும் இடுப்புத் துண்டும் சலங்கையும். தூரத்திலிருந்து அடையாளம் தெரிய முக நிறம் இருக்கிறது: துரியோதனன் வகைக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை.

பெயர் கொடுப்பவர்களில் இன்றைக்குப் பாதிப் பேர் பெண்கள். கூத்தில் திரௌபதியைக் கூட ஆண்கள்தான் ஆடிவந்தார்கள். 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில், பி. ராஜகோபால் சிறுமிகளுக்கும் சிறுவர்களுக்கும் ஒன்றாகவே கூத்துக் கற்பித்தார். அங்கே பயின்ற பெண்கள் ராஜ வேஷமும் கட்டினார்கள். ஆகவே நம் சல்லியனும் சராசந்தனும் பெண்களாக இருக்கத் தடையொன்றும் இல்லை. மீசை வரைய ஒரு நிமிஷம் போதும்.

கடைசியாக நேரம். கூத்தென்றால் விடிய விடிய என்பது பழைய கணக்கு. ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு வருஷத்தில் சில நாட்கள் மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். அனுமதி வாங்காமல் ஆடி, அர்ச்சுனன் வில்லெடுக்கிற நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள். இரவு முழுக்க ஆடுவதைச் சுருக்க முடியாதா என்றால், முடியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, மாணவர்களை வைத்து, நவீன மேடைக்கு ஏற்றபடி சில மணி நேர நாடகமாக்கினார். 1962-இல் ‘கர்ணன் போர்’, 1964-இல் ‘இராவணேசன்’. திரும்பத் திரும்ப வரும் பாட்டுகளையும் ஆட்டங்களையும் குறைத்தாரே ஒழியக் கதையின் முதுகெலும்பில் கை வைக்கவில்லை. வட்டமாக ஆடியது ஒரு பக்கம் பார்த்து ஆடுவதாக மாறியது. அதில் இழந்ததும் உண்டு என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். திடல் கிடைத்தால் சனத்தை மூன்று பக்கமாவது உட்கார வையுங்கள்.

ஏழரைக்கு ஆரம்பிப்பதாக நோட்டீஸ் அடித்தால் எட்டே காலுக்குத்தான் ஆரம்பிக்கும். அப்போது இரண்டு மூன்று அரசர்களைக் குறைக்க வேண்டிவரும். எந்த அரசர்கள் என்பதை வாத்தியார் முன்னாடியே தீர்மானித்து, அவர்களிடம் சொல்லியும் வைக்க வேண்டும். மேடைப் பக்கத்தில் சலங்கையோடு நிற்பவரிடம் “இன்னிக்கு நீங்க வேண்டாம்ணே” என்று சொன்னால் அடுத்த வருஷம் அவரும் இல்லை, அவர் தெருவும் இல்லை. வில் வளைப்பில் அதற்கும் இடம் இருக்கிறது. அந்தண வேஷத்தில் இருப்பவன் இலக்கை அடித்து மாலை வாங்கியதும் தோற்ற அரசர்கள் எல்லோரும் சண்டைக்கு எழுகிறார்கள். வரவு கிடைக்காதவர்களை அந்தச் சண்டையில் முன் வரிசையில் விடுங்கள். வீமனிடம் முதல் அடி வாங்குவது அவர்களாக இருக்கட்டும்.